ஒலியை முந்தியவரும் மலைமீனும்: சக் யேகர் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடமராட்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அலைகள் பற்றிய பாடம் வந்தால் சக் யேகரின் கதையைச் சொல்லாமல் என்னால் அதை முடிக்க முடிவதில்லை. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள், அடுத்த கிழமை அப்பாவோ அம்மம்மாவோ படலையில் நின்று ஒரு கேள்வி கேட்பார்கள், அதே கேள்வி அடுத்த வருடம் வேறொரு வீட்டிலிருந்து வரும். சரி, எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைப்போம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சேர், ஆர் இந்த யேகர்? சுருக்கமாச் சொல்லுங்கோ.

அமெரிக்க விமானப்படை விமானி. முழுப்பெயர் சாள்ஸ் எல்வுட் யேகர், எல்லோரும் கூப்பிட்டது சக் யேகர். 1923 பெப்ரவரி 13 இல் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில் மைரா என்ற சின்ன இடத்தில் பிறந்து, பக்கத்து ஊரான ஹம்லினில் வளர்ந்தார். இரண்டாம் உலகப்போரில் சண்டை விமானம் ஓட்டினார். 1947 ஒக்டோபர் 14 அன்று, 24 வயதில், எக்ஸ்-1 என்ற ரொக்கெட் விமானத்தில் ஒலியைவிட வேகமாகப் பறந்தார். 2020 டிசம்பர் 7 இல் தனது 97 ஆவது வயதில் இறந்தார்.

பரீட்சைக்கு இது போதும். ஆனால் என்னை அவரிடம் இழுத்தது வேறு விஷயம். விமானத்தை விட்டு இறங்கினால் துவக்கையோ தூண்டிலையோ எடுத்துக்கொண்டு காட்டுக்கும் மலைக்கும் போய்விடுகிற மனிதர் அவர். சின்ன வயதில் காடு கொடுத்த கண்ணும் பொறுமையும்தான் அவரை வானத்தில் உயிரோடு வைத்திருந்தன என்று நான் நம்புகிறேன். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

காட்டில திரிஞ்ச பெடியனுக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு?

அவருடைய ஊர் அப்பலாச்சியன் மலைப்பகுதி. தகப்பன் இயற்கை எரிவாயுக் கிணறு துளைக்கிறவர், வசதியான குடும்பம் இல்லை. ஆறு வயதிலேயே சின்னத் துவக்கோடு விடியப்புறம் காட்டுக்குள் போய் அணிலும் முயலும் சுட்டுக்கொண்டு வருவார், அதுதான் அன்றைய இரவுக் கறி. இலைக்கும் கிளைக்கும் நடுவே ஒரு வால் அசைவதைக் கண்டுபிடிக்கிற வேலையைச் சின்ன வயதில் ஒவ்வொரு நாளும் செய்த கண் எப்படிப் பழகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறவியிலேயே அவருக்குக் கூர்மையான பார்வை, சாதாரண ஆள் 10 அடியில் வைத்து வாசிக்கிற எழுத்தை அவர் 20 அடியில் வைத்து வாசிப்பார். போரில் மற்ற விமானிகளுக்கு வெறும் வானமாகத் தெரிந்த இடத்தில் அவருக்கு எதிரி விமானங்கள் புள்ளியாகத் தெரிந்துவிடும். யார் முதலில் காண்கிறாரோ அவர் பிழைக்கிற விளையாட்டு அது.

இன்னொன்று, ஓடுகிற ஒன்றைச் சுடுகிறவன் அது இப்போது இருக்கிற இடத்தைக் குறிபார்த்தால் தவறிவிடும், அது போய்ச் சேரப்போகிற இடத்தைக் குறிபார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது தொண்டைமானாற்றில் வீச்சுவலை எறிகிறவரைப் போய்ப் பாருங்கள் என்பேன். அவர் மீன் நிற்கிற இடத்துக்கு எறிவதில்லை. வானத்தில் இரண்டு விமானமும் மணிக்கு 500 கிலோமீற்றருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்போதும் கணக்கு அதுவேதான்.

அணிலைச் சுட்டுச் சாப்பிட்டவரே? பாவமில்லையே?

இந்தக் கேள்வி அம்மம்மாமாரிடமிருந்துதான் வரும். இராமர் முதுகில் தடவின பிராணி அல்லவா, எனக்கும் முதலில் ஒருமாதிரித்தான் இருந்தது. அங்கத்தைய அணில் எங்கள் மூன்று கோட்டு அணிலைவிட நன்றாகப் பெரிது, அந்த மலைச்சனங்களுக்கு அது வழமையான சாப்பாடு. 1930-களில் அமெரிக்கா பெரும் பொருளாதார முடக்கத்தில் கிடந்தது. கடையில் இறைச்சி வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளை காட்டிலிருந்து கொண்டுவந்தான், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் துவக்கால் ஒரு சாவும் நடந்தது. இரண்டு வயதுத் தங்கச்சி டொரிஸ் ஆன், அண்ணன் ஒருவன் துவக்கை வைத்து விளையாடும்போது வெடித்து இறந்துபோனாள். இதை நான் வகுப்பில் விடாமல் சொல்வேன், வேட்டைக் கதையைக் கேட்ட பெடியன்களின் கண் மினுங்குவதைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியாது. இங்கே வேட்டை வேண்டாம். காட்டு உயிர்களைக் காக்க எங்கள் நாட்டில் 1937 இலிருந்தே சட்டம் இருக்கிறது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கண்ணை மட்டும்.

கம்பஸ் (பல்கலைக்கழகம்) போகாத ஆள் எப்பிடி பைலட் ஆனவர்?

மெக்கானிக்காகப் போய்ச் சேர்ந்தார். உயர்பள்ளி முடித்த கையோடு 1941 செப்டம்பரில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து விமான இயந்திரம் திருத்தினார். அந்த நேரத்து விதிப்படி அவருடைய வயதுக்கும் படிப்புக்கும் விமானியாக விட மாட்டார்கள். டிசம்பரில் அமெரிக்கா போருக்குள் வந்ததும் விமானிகள் போதாமல் விதியைத் தளர்த்தினார்கள், அந்த வாசலால் உள்ளே போனவர் 1943 மார்ச்சில் விமானி ஆனார். முதன்முதலில் விமானத்தில் ஏறியபோது வாந்தி எடுத்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பஸ்ஸில் தலைசுற்றுகிற பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

மெக்கானிக்காக இருந்தது வீண்போகவில்லை. இயந்திரத்தின் சத்தம் கொஞ்சம் மாறினாலே எது பிழை என்று அவருக்குப் பிடிபடும். பிற்காலத்தில் பரிசோதனை விமானியாக அவர் பெயரெடுத்ததற்குத் துணிச்சலைவிட இதுதான் பெரிய காரணம் என்பேன். ஏறுகிற விமானத்தின் ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஏறமாட்டார்.

ஒலித்தடை எண்டா வானத்தில சுவர் மாதிரி ஏதும் இருக்கோ?

இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் பயந்தார்கள், பயப்படக் காரணமும் இருந்தது. விமானம் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்த அழுத்தம் ஒலியின் வேகத்தில் முன்னால் ஓடி, காற்றை வழிவிடச் சொல்கிறது. விமானமே ஒலியின் வேகத்தை நெருங்கினால் அந்தச் செய்தி முன்னால் போக நேரமில்லை, காற்று நெருக்குப்பட்டு அதிர்ச்சி அலையாகிறது. விமானம் உதறும், சுக்கான் கேட்காது. 1946 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஜெஃப்ரி டி ஹவிலண்ட் என்ற இளம் விமானி இந்த வேகத்தை நெருங்கியபோது அவருடைய விமானம் வானத்திலேயே துண்டுதுண்டாகிப் போனது.

எக்ஸ்-1 ஐத் துவக்குக் குண்டின் வடிவில் செய்தார்கள், ஒலியைவிட வேகமாகப் போயும் ஆடாமல் போகிற பொருள் குண்டுதான் என்று ஏற்கனவே தெரிந்திருந்தது. நீளம் 9 மீற்றரும் சொச்சமும். தரையிலிருந்து எழும்பாது, பெரிய பி-29 விமானத்தின் வயிற்றில் கொளுவிக்கொண்டு மேலே போய்க் கழற்றிவிடுவார்கள். ரொக்கெட்டை முழுவலுவில் எரித்தால் எரிபொருள் இரண்டரை நிமிடம்தான், பிறகு கலிபோர்னியாவின் முறொக் பாலைவனத்தில் வற்றிக்கிடக்கும் ஏரியில் மிதந்து வந்து இறங்க வேண்டும். படிப்படியாக வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒலிவேகத்தின் 0.94 பங்கில் ஒருநாள் யேகர் சுக்கானை இழுத்தார், மூக்கு எழும்பவே இல்லை. வாலில் இருக்கிற அசையும் தகட்டின் மேலேயே அதிர்ச்சி அலை வந்து குந்திவிட்டது.

இதை அவிழ்த்தவர் ஜாக் ரிட்லி என்ற பொறியியலாளர், யேகரின் நண்பர். அந்தச் சின்னத் தகட்டை விட்டுவிட்டு வாலின் கிடைப்பகுதி முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்துப் பார் என்றார், எக்ஸ்-1 இல் அந்த வசதி இருந்தது. அது வேலை செய்தது. பிறகு வந்த ஒலிமிஞ்சிய சண்டை விமானங்கள் வாலை முழுதாக அசைக்கிற அதே வழியைத்தான் பிடித்தன. யேகருடைய பெயர் எல்லோருக்கும் தெரியும், ரிட்லியுடைய பெயரை என் பிள்ளைகளாவது தெரிந்து வைத்திருக்கட்டும்.

விலா எலும்பு முறிஞ்சதோட பறந்தவர் எண்டது உண்மையே, இல்லாட்டிக் கட்டுக்கதையே?

உண்மை. பறப்புக்கு இரண்டு நாள் முன்னம் இரவு, மனைவி கிளெனிஸோடு குதிரைச் சவாரி போனார். இருட்டில் படலை பூட்டியிருந்தது தெரியாமல் குதிரை மோதி, அவர் தூக்கி எறியப்பட்டு இரண்டு விலா எலும்பு முறிந்தது. படை வைத்தியரிடம் போனால் பறக்க விடமாட்டார்கள் என்று வெளியூர் வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டார். எக்ஸ்-1 இன் கதவைப் பூட்ட வலது கையால் பலமாக இழுக்க வேண்டும், அந்த நோவோடு முடியாது. மேலே சொன்ன அதே ரிட்லி ஒரு தும்புத்தடியின் பிடியில் துண்டொன்றை வெட்டிக் கொடுத்தார், அதை நெம்பாக வைத்து இடது கையால் பூட்டினார்.

அன்று 43,000 அடி உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 1,127 கிலோமீற்றரில், ஒலியின் 1.06 மடங்கு வேகத்தைத் தொட்டார். வேகம் காட்டுகிற மானியில் இலக்கம் 1.0 வரைதான் போட்டிருந்தது, ஊசி அதைத் தாண்டி ஓடிவிட்டது. விமானத்துக்கு அவர் வைத்த பெயர் மனைவியினுடையது, கிளாமரஸ் கிளெனிஸ். இப்போது வொஷிங்டனில் அரும்பொருட்சாலையில் தொங்குகிறது. பழைய ஆட்களுக்கு ஒரு செய்தி: அதற்கு இரண்டு மாதம்கூட ஆகாமல், 1947 டிசம்பர் 10 அன்று, எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து எங்கள் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. இரண்டையும் ஒரே கரும்பலகையில் எழுத எனக்கு ஆசை.

ஆனால் ஒன்று, உடம்பில் முறிவை மறைத்துக்கொண்டு மோட்டார்சைக்கிள்கூட ஓடக்கூடாது. கெட்டிக்காரத்தனம் என்று இதைப் பின்பற்ற வேண்டாம்.

அந்த "டமார்" சத்தம் தடையை உடைக்கிற ஒரு நிமிசம் மட்டும்தானே கேக்கும்? கிபிர் (சண்டைக்காலத்தில குண்டு போட்ட விமானம்) வரேக்க ஏன் சத்தம் பிந்தி வந்தது?

இரண்டு வேறு விஷயம், ஒன்றாகக் குழப்பிக் கேட்கிறார்கள். ஒலியைவிட வேகமாகப் போகிற விமானம் போகிற வழி முழுக்க அதிர்ச்சி அலையைப் பின்னால் இழுத்துக்கொண்டே போகும், வள்ளத்துக்குப் பின்னால் அலை விரிகிற மாதிரி. அந்த அலை நீங்கள் நிற்கிற இடத்தைக் கடக்கிற கணத்தில் உங்களுக்கு "டமார்", அடுத்த ஊர்க்காரனுக்குக் கொஞ்சம் பிந்தி. விமானிக்குக் கேட்காது, அவர் அலைக்கு முன்னால் போய்விட்டார்.

சத்தம் பிந்தி வருவதற்கு ஒலியை முந்த வேண்டியதில்லை. எங்கள் ஊர் வெக்கையில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். 3 கிலோமீற்றர் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீற்றரில் போகிற விமானத்தின் சத்தம் உங்களிடம் வந்துசேர 9 வினாடி வரை ஆகும், அதற்குள் விமானம் கிட்டத்தட்ட 2 கிலோமீற்றர் தள்ளிப் போயிருக்கும். சத்தம் வந்த திசையைப் பார்த்தால் அங்கே வானம் வெறுமையாக இருக்கும். சின்ன வயதில் பங்கர் வாசலில் நின்று நாங்கள் தவறான பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று பல வருடம் கழித்து இந்தக் கணக்கைச் செய்தபோதுதான் எனக்கு விளங்கியது.

பிரான்சில விழுந்து எப்பிடித் தப்பினவர்?

காடு தெரிந்ததால். 1944 மார்ச் 5, அவருடைய எட்டாவது போர்ப்பறப்பு, தென்மேற்கு பிரான்சில் சுட்டு விழுத்தப்பட்டார். பரசூட்டில் இறங்கி அதையும் சுருட்டிக்கொண்டு காட்டுக்குள் பதுங்கினார். மரம் வெட்ட வந்த ஒருவரைப் பிடித்து, அவர் வழியாக மக்கி என்ற பிரெஞ்சுக் கெரில்லாக்களிடம் போய்ச் சேர்ந்தார். அவர்களோடு காட்டிலேயே தங்கினார், தகப்பனோடு கிணறு துளைக்கிற இடத்தில் வெடிமருந்து பழகியிருந்ததால் அவர்களுக்குக் குண்டு பொருத்திக் கொடுத்தார்.

பிறகு பனி மூடிய பிரனீஸ் மலையை நடந்தே கடந்தார். வழியில் ஜெர்மன் ரோந்துக்காரர் சுட்டதில் கூட வந்த அமெரிக்கரின் முழங்கால் சிதைந்துபோக, மிச்சமாகத் தொங்கிய காலைச் சின்னக் கத்தியால் அறுத்துக் கட்டி, அந்த ஆளை இழுத்தும் சுமந்தும் மலை உச்சி தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தார். மார்ச் 30 இல் ஸ்பெயின். அந்த ஆளும் பிழைத்தார். பனியில் எங்கே படுப்பது, எப்போது அசையாமல் கிடப்பது, இதெல்லாம் ஒரு பயிற்சி முகாமில் சில கிழமையில் வருகிறதில்லை.

தப்பி வந்தவர்களைத் திரும்ப அந்தப் பக்கம் பறக்க விடுவதில்லை, பிடிபட்டால் உதவி செய்த சனங்களைக் காட்டிக்கொடுக்க நேரும். யேகர் ஜெனரல் ஐசனோவர் வரைக்கும் போய்க் கேட்டு அனுமதி வாங்கினார். அந்த ஒக்டோபரில் ஒரே நாளில் ஐந்து விமானத்தை வீழ்த்திய கணக்கு அவருடையது, அதில் இரண்டு அவர் சுடமுன்னமே தங்களுக்குள் மோதி விழுந்தவை.

எங்கட சனம் விமானச் சத்தத்துக்கு உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடினது. நீங்கள் ஏன் தம்பி ஒரு போர் விமானியைப் பிள்ளையளுக்குச் சொல்லுறீங்கள்?

இதைக் கேட்டவர் என் மாணவி ஒருத்தியின் அம்மம்மா. அன்று எனக்கு உடனே பதில் வரவில்லை. எங்கள் வளவிலும் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர் இருந்தது, பொம்மர் வருகிற சத்தம் கேட்டால் அம்மா அடுப்பில் இருக்கிற உலையை இறக்கிவிட்டு எங்களை இழுத்துக்கொண்டு ஓடுவார். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு நாங்கள் எப்படித் தெரிந்தோம் என்று அந்த இருட்டுக்குள் இருந்து யோசித்திருக்கிறேன். யேகரைப் படிக்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

யேகர் போரில் தான் செய்ததை மறைக்கவில்லை. போரின் கடைசிப் பகுதியில் ஜெர்மனியில் 80 கிலோமீற்றருக்கு 80 கிலோமீற்றர் பரப்பைப் பிரித்துக் கொடுத்து, அதற்குள் அசைகிற எதையும் சுடச்சொல்லி அவருடைய படைப்பிரிவுக்குக் கட்டளை வந்தது. எங்கள் யாழ்ப்பாண மாவட்டம் முழுக்கவும் ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர், அதைப்போல ஆறு மடங்கு நிலம். வயலில் நின்ற சனங்களும் அதற்குள். பறந்தார்கள், சுட்டார்கள். பக்கத்தில் இருந்தவரிடம், இப்படியெல்லாம் செய்யப்போகிறோம் என்றால் வெல்கிற பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று அன்றைக்கே முணுமுணுத்ததாகவும், அதில் தனக்குப் பெருமை இல்லை என்றும் பிற்காலத்தில் எழுதினார். பிறகு வியட்நாம் போரிலும் 127 தடவை பறந்தார். அதுவும் அவருடைய வாழ்க்கைதான்.

அதனால் நான் கதையைப் பாதியில் நிறுத்துவதில்லை. ஒலியை முந்தியதைச் சொல்கிற அன்றைக்கே 80 கிலோமீற்றர் சதுரத்தையும் கரும்பலகையில் கீறுவேன். அந்த அம்மம்மாவிடம் பிறகு போய் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, அந்த ஆளின் தாய் உயிரோடு இருந்தவவோ என்று கேட்டார். ஓம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அவருக்கு முதலே வேற ஆக்கள் ஒலியை முந்தினவை எண்டு யூடியூப்பில சொல்லுறாங்களே?

அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. ஜெர்மன் விமானி ஹான்ஸ் கீடோ முட்கே 1945 இல் செங்குத்தாகப் பாயும்போது தாண்டிவிட்டதாகச் சொன்னார். ஜோர்ஜ் வெல்ச் என்ற அமெரிக்கர் எக்ஸ்-1 க்குக் கொஞ்ச நாள் முன்னம் வேறு விமானத்தில் பாய்ந்து தாண்டியதாக ஒரு கதை ஓடுகிறது. இரண்டுக்கும் உறுதியான அளவீடு இல்லை. யேகருடையது கீழ்நோக்கிப் பாயாமல் கிடையாகப் பறந்தபோது, கருவிகள் பதிவுசெய்ய நடந்தது. பௌதிகவியல் படிக்கிற பிள்ளைக்கு நான் சொல்வது, அளந்ததை மட்டும் கணக்கில் எடு.

அவர் ஏன் விண்வெளிக்குப் போகேல்லை? கறுப்பின விமானியை ஒதுக்கினவராமே?

முதல் பாதிக்குப் பதில் மேலேயே இருக்கிறது, பட்டம் இல்லை. விண்வெளி வீரர்களுக்குப் பட்டப்படிப்பு வேண்டும் என்று விதி. ஆனால் விண்வெளிக்குப் போக விமானிகளைப் பயிற்றுவித்த விமானப்படைப் பள்ளிக்கு அவரையே பொறுப்பாக வைத்தார்கள். அங்கே 1963 டிசம்பரில் ஒரு விமானத்தை 1 இலட்சம் அடிக்கு மேலே கொண்டுபோய்க் கட்டுப்பாடு இழந்து, இருக்கையோடு வெளியே பாய்ந்து, அந்த இருக்கையின் சூடு பட்டு முகம் கருகினார்.

இரண்டாம் பாதி பாரமானது. எட் ட்வைட் என்ற கறுப்பின விமானி அந்தப் பள்ளியில் படித்தவர், யேகர் தன்னை நிறத்துக்காக ஒதுக்கினார் என்று குற்றம் சாட்டினார். யேகர் மறுத்தார், தகுதிதான் காரணம் என்றார். ட்வைட் பிறகு சிற்பியாகப் பேரெடுத்து, 2024 மே மாதம் தன் 90 வயதில் விண்வெளி விளிம்புவரை போய் வந்தார். அறுபது வருடம் ஒரு மனிதனைக் காத்திருக்க வைத்த கதை அது, யேகரைப் பிடிக்கும் என்பதற்காக நான் அதைத் தள்ளிவிட மாட்டேன்.

1971 சண்டையில இந்தியா அவற்ற விமானத்தை அடிச்சதாமே?

ஓம். அப்போது அவர் பாகிஸ்தானில் அமெரிக்காவின் பாதுகாப்புப் பிரதிநிதி. ராவல்பிண்டிக்குப் பக்கத்தில் சக்லாலா தளத்தில் நிறுத்தியிருந்த அவருடைய சின்ன விமானத்தை இந்திய விமானங்கள் அழித்தன, யேகர் அதற்கு நன்றாகக் கோபப்பட்டார். அதைச் சுட்ட அருண் பிரகாஷ் பின்னாளில் இந்தியக் கடற்படைத் தளபதியானார். அவ்வளவுதான் கதை, அதைப் பெரிதாக்க ஒன்றுமில்லை.

மீன் பிடிக்க மலைக்குப் போனதை ஏன் சேர் இவ்வளவு பெரிசாச் சொல்லுறீங்கள்? ஓய்வுக்குப் போனதுதானே?

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடமே இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். கலிபோர்னியாவில் சியரா நெவாடா என்ற மலைத்தொடர். அதன் உயரத்து ஓடைகளில் தங்க நிறத்தில் ஒரு நன்னீர் மீன், ட்ரவுட் இனம், பக்கவாட்டில் சிவப்புக் கோடு ஓடும். கேர்ன் என்ற ஆற்றின் மேல்பகுதிதான் அதன் பூர்வீகம். 1947 இல், ஒலி முந்தப்பட்ட அதே ஆண்டில், அதைக் கலிபோர்னியா தன் மாநில மீனாக அறிவித்தது. யேகருக்கு அந்த மீன் என்றால் உயிர். வாகனம் போகாத உயரத்துக்கு முதுகில் மூட்டையைச் சுமந்து நடந்துபோய்த் தூண்டில் போட்டார், வயது போன பிறகும் ஆண்டுதோறும் போனார்.

கூடப் போனவர் பட் அண்டர்சன், போரில் ஒரே படைப்பிரிவில் பறந்த நண்பர். சாகும்வரை அந்தச் சிநேகம் விடவில்லை. அண்டர்சன் 2024 மே மாதம், 102 வயதில் காலமானார். இவர்களுடைய காலத்தில் பரிசோதனை விமானிகள் முப்பது வயதிலேயே செத்துக்கொண்டிருந்தார்கள். யேகரே 1953 டிசம்பரில் ஒலியின் 2.44 மடங்கு வேகத்தில் விமானம் கைவிட்டுப்போய் 15 கிலோமீற்றருக்கு மேல் சுழன்று சுழன்று விழுந்து கடைசியில் மீட்டெடுத்தவர். விழுந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்த நிமிடத்தில் பதறாமல் ஒவ்வொன்றாகச் செய்துபார்க்கிற மனது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மீன் கொத்தும்வரை ஓடைக்கரையில் அசையாமல் இருந்து பழகிய இடத்திலிருந்து என்றுதான் எனக்குப் படுகிறது. நிரூபிக்க முடியாது, ஆனாலும் அதை நம்புகிறேன்.

அதனால் ஓய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1975 இல் படையை விட்டு ஓய்வுபெற்ற பிறகும் அந்த மலைத்தொடரின் அடிவாரத்தில்தான் குடியிருந்தார். 2012 ஒக்டோபர் 14 இல், 65 வருடம் நிறைந்த நாளில், 89 வயதில் எஃப்-15 இல் ஏறி மறுபடி ஒலியை முந்தினார்.

என்ர மகன் கண்ணாடி போடுறவன். பைலட் ஆகேலாதோ?

யேகருடைய கண்ணைப் பற்றி மேலே எழுதியதை வாசித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். பயணிகள் விமானம் ஓட்டக் கண்ணாடி போட்டுப் பார்வை தேவையான அளவுக்கு வந்தால் போதும், மற்றக் கண் சோதனைகளோடு நிற வேறுபாடு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். காசைக் கட்டமுன்னம் அங்கீகாரம் உள்ள விமான வைத்தியரிடம் முதலில் காட்டுங்கள். காசைக் கட்டின பிறகு போய்க் காட்டி அழுத வீடு எனக்குத் தெரியும்.

வெளியில போய்ப் பழகச் சொல்லுறீங்கள். யாழ்ப்பாணத்தில எங்க சேர் காடு? எங்க மலை?

மலை இல்லைதான். ஆனால் கடல்நீரேரி இருக்கிறது, மணற்காட்டில் மணல்மேடு இருக்கிறது, நெடுந்தீவில் கட்டாக்காலிக் குதிரைகள் இருக்கின்றன. மாரி தொடங்கினால் சுண்டிக்குளத்துக்கும் மண்டைதீவுப் பக்கத்துக்கும் பூநாரைகள் வரும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களைப் போய்ப் பாருங்கள், விண் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கிற நாடா) பூட்டின பட்டம் கூவுகிற தொனி காற்றின் வேகத்தோடு எப்படி மாறுகிறது என்று காது கொடுத்துக் கேட்டால் அதுவே ஒரு பாடம். ஐப்பசி இடிமழைக்கு மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் வினாடியை எண்ணுங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர்.

ஒன்றும் முடியாவிட்டால் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பனங்கூடலுக்குள் விடியமுன்னம் போய் அரைமணி நேரம் அசையாமல் இருங்கள், போனைப் பார்க்காமல். அசைந்தது எல்லாவற்றையும் பிறகு எழுதுங்கள். போன வருடம் பத்து பேர் எழுதித் தந்ததில் ஒன்பது பேர் அணில், காகம், நாய் என்று நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் பனை உழவாரன் குருவி ஓலைக்குள் நுழைகிறதை மூன்று தடவை கண்டு, மூன்று தடவையும் எந்தப் பக்கத்தால் வந்தது என்று அம்புக்குறி போட்டிருந்தாள். போயா விடுமுறைகளில் காலை ஐந்தரைக்கு நான் வல்லை வெளியில் நிற்பேன், வருகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கொண்டுவாருங்கள்.